எண்ணிக்கை

கல்முனை ஆஸ்பத்திரி. செவ்வாய்க் கிளினிக்.
"கோமளேஸ்வரி, தம்பிலுவில்" என்று கூப்பிட
வாங்கிலிருந்த அத்தனை தலையும் திரும்பிற்று.
பழக்கம்தான்.
குடையை மடக்கினேன்.
கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"எப்ப இருந்து நித்திரை இல்ல?"

தங்கச்சியைப் பெண்பார்க்க வந்த அன்று
நெல்மூட்டை அறைக்குள் என்னை விட்டு
வெளியால் கொண்டி போட்டா அம்மா.
தும்மல் வந்தது, முந்தானையைக் கடித்தேன்.
சுவருக்கு அப்பால் பீங்கான் சத்தம்,
சீனி போதுமா என்று யாரோ,
பிறகு ஒரு ஆம்பிளக் குரல்:
"எத்தின பொம்புளப் புள்ளயள்?"

"ஒண்டுதான்."

அம்மாட குரல் நடுங்கவே இல்லை.

வெயில் பட்டுக் கொப்பளித்தால் களிம்பு இருக்கு.
இண்டைக்கு பஸ்ஸில் பக்கத்திலிருந்த பிள்ளைத்தாய்ச்சி
வயிற்றைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போனாள்;
அதையும் இறங்குவதற்குள் மறந்தேன்.
இந்த ஒண்டு மட்டும்
சாமத்தில் மூட்டைக்குள் எலிபோலச் சுரண்டுது.

டொக்டர் எழுதிக்கொண்டே இருந்தா.
படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாம்:
"வீட்டில எத்தின புள்ளயள்?"

"ரெண்டு."
வாங்கு வரைக்கும் கேட்டிருக்கும்.

எழுதினதைக் காட்டச் சொன்னேன்.
கண்ணாடியைக் கழற்றி
மூக்கு முட்டத் தாளைப் பிடித்தேன்.
என் கண் ஆடும். எழுத்தும் ஆடும்.
பொறுத்துப் பார்த்தேன்.
ரெண்டுதான்.