முள் இருக்கும் இடம்

ஜராக்கி மீனில் சதையைவிட முள் அதிகம்.
மனாவுஸ் சந்தையில் வால்டெனிசி
அதன் விலாவில் கீறிக்கொண்டே போவாள்,
அரிசி அகலத்துக்கு ஒரு கீறல்,
தலையிலிருந்து வால்வரை.
கண் வாடிக்கையாளரிடம் இருக்கும்.
கணக்கு கையிடம்.

ஏப்ரலில் காய்ச்சல் வந்து போனது.
பதினோரு நாள் அவளுக்கு மீன் நாறவில்லை.
பன்னிரண்டாம் நாள் விடியலில்
படகிலிருந்து இறங்கிய கூடை குப்பென்று நாற,
அழுதேவிட்டாள்.
"நமக்குத்தான் வந்து போய்விட்டதே."
அதன்பின் முகக்கவசம் கத்தி துடைக்க.
பாதி ஊர் அப்படித்தான் பேசியது.
ரத்தம் எடுக்கப் போன நானும்தான்.
எதிரணுக்களை எண்ணி
ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.
தராசுக்குப் பின்னால்
புனித பேதுரு படத்துக்குக் கீழே ஒட்டிவைத்தாள்.

ஜனவரி. மழை.
கறுப்பு நதி படி படியாக ஏறிக்கொண்டிருந்தது.
அதே மீன், அதே செதில்,
முள் மட்டும் ஓர் அரிசி தள்ளி.
பழகிய கை பழகிய இடத்தில் இறங்க
கத்தி வழுக்கியது.

மைத்துனன் எட்னில்சன்
சிலிண்டரைத் தோளில் வைத்து
எந்த வரிசை நகர்கிறது என்று ஊரெல்லாம் அலைந்தான்.
அவள் போனில் கேட்டாள்,
மூச்சுக்கு மூச்சு நிறுத்தி:
"உன் தாள்
பொய்
சொல்லிச்சா?"
இல்லை. அது ஏப்ரல் மீனைப் பற்றிச் சொன்னது.
இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் உடம்புக்குள் இன்னொரு கூட்டம் உண்டு.
முள்ளை மட்டும் நம்பாதது.
சந்தையில் குடல் அள்ளும் பையன்கள்
தலை இல்லாத மீனுக்கும் பெயர் சொல்வார்களே,
அதுபோல
கெட்டுப்போன செல்லின் வாசலில் கிடக்கும்
துணுக்கைப் புரட்டிப் பார்த்து
"இது அவன்தான்" என்றது.
அக்குளில் நெறி கட்டியது.
அங்கே இரவெல்லாம் கத்தி தீட்டினார்கள்;
தப்பாகக் கீறியவற்றை எறிந்து,
கொஞ்சம் நகர்த்தி,
மறுபடி எறிந்து.

பிழைத்தாள்.
எட்னில்சன் பிழைக்கவில்லை.
அவன் உடம்பும் அதே பாடத்தைத்தான் படித்திருந்தது.
ஏன் என்று எந்தக் குழாயிலும் எனக்குத் தெரியவில்லை.

மோப்பம் திரும்பியது, கோணலாக:
காபி கருகிய கயிறு,
கொத்தமல்லி சோப்பு.
மீன் புதிதா என்று
பக்கத்துக் கடை நேய்டியைக் கூப்பிட்டுக் கேட்கிறாள்.

மூன்றாம் முறை ரத்தம் எடுக்கப் போனேன்.
கை நீட்டினாள். தாள் வேண்டாம் என்றாள்.
"இந்த மாசம் முள் எங்கே இருக்கு?
அதைச் சொல்."
நான் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தேன்.
மறுகையால் அவள் பலகை மீனைத் திருப்பிப் போட்டாள்.
கீறல்கள் இப்போது
அரை அரிசி அகலம்.