கறுப்புக் குண்டுகள்

இரும்புக்கடை மூடி ஒன்பது வருடம்.
அதன் தலைமேல் எங்கள் சங்கம்.
பதினேழு படி. கைப்பிடிக் கம்பி ஆடும்.
நோவா ஸ்கோஷியக் கடலோரம் உறையும் மாதங்களில்
கோட்டைக் கழற்றாமலே கூட்டம் நடத்துவோம்.

ஒருகாலத்தில் எண்பத்திரண்டு பேர்.
இப்போது கல்லறைக்குப் போகாதவர் பதினொன்று,
அதில் படியேற முழங்கால் உள்ளவர் ஒன்பது.

நான் செயலாளர். குறிப்பேடு என் வசம்.
பழைய பக்கங்களில், என்னைவிட நல்ல கையெழுத்தில்,
1911: படகோடு போன ஹெட்லியின் மனைவிக்கு
மாவு இரண்டு மூட்டை, நிலக்கரி அரை டன்.
1934: பெயர் வேண்டாம் என்றவருக்குப் பல்.
ஆமாம், பல். மேல்வரிசை முழுதும். பன்னிரண்டு டாலர்.

அன்று வெள்ளிக்கிழமை. வரவு செலவு வாசித்தேன்:
உபகார நிதியில் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம்.
பான்கேக் விருந்தில் வந்தது எழுபத்தெட்டு.
கூரை ஒழுகலுக்கு வாளி ஒன்று, ஆறு டாலர்.

பிறகு லியாண்டர் புவாரியே எழுந்தார்.
யாருக்கு என்ன இல்லை என்று அறிவது
அவர் பதவியில் பாதி;
சொல்லாமலிருப்பது மீதி.
‘சகோதரர் ஒருவர். வீட்டுக் கொதிகலன் செத்துவிட்டது.
மனைவி ஆக்சிஜன் குழாயோடு படுக்கையில்.
அவர் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். அறுநூறு.’

வாக்குப்பெட்டி சுற்றி வந்தது.
மறைப்புக்குள் குனிபவனுக்கு மட்டும் தெரியும் தட்டில்
வெள்ளைக் குண்டும் கறுப்புக் குண்டும் கலந்து கிடக்கும்.
வெள்ளை என்றால் கொடு.
ஒரே ஒரு கறுப்பு விழுந்தால்
அடுத்த மாதம் பார்ப்போம்.
அடுத்த மாதம் என்பது மார்ச்.

திறந்தார்கள். எட்டு வெள்ளை. ஒரு கறுப்பு.

அம்ப்ரோஸ் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தான்.
‘யாருக்கோ கை தவறியிருக்கும்’ என்றார் தலைவர் வெண்டல்.
‘இன்னொரு தடவை.’

எட்டு வெள்ளை. ஒரு கறுப்பு.

எல்லாக் கண்ணும் பர்ட்டன் மேல்.
இறந்தவன் மலர்வளையத்துக்கே ரசீது கேட்டவன் அவன்.
பாவம், கழுத்துவரை சிவந்தான்.
வாய் திறந்தான். மூடிக்கொண்டான்.

கறுப்பு என்னுடையது.
கொதிகலனும் என்னுடையது.
இரவில் அந்தக் குழாயின் முறுக்கை நீவிவிடுபவனும் நான்தான்.
முப்பத்தோரு வருடம் அடுத்தவர் தேவைக்கு நேரே
‘வழங்கப்பட்டது’ என்று எழுதிய கை
தனக்கென்று வந்ததும்
வெள்ளையைத் தொட்டது, விட்டுவிட்டது.
கூச்சம் என்று நான் சொல்வேன்.
திமிர் என்பாள் அவள், மூச்சு மிச்சமிருந்தால்.
தன் விஷயத்தில் தனக்கு வாக்கில்லை என்கிறது ஒன்பதாம் விதி.
எழுந்து விலகினால் அதுவே பெயரைச் சொல்லிவிடும்.

லியாண்டர் என்னைப் பார்க்கவில்லை.
தாழ்ப்பாள் சரியில்லை என்று முணுமுணுத்துப்
பெட்டியை ஜன்னலோரம் தூக்கிப்போனார்.
எங்களுக்கு முதுகு காட்டி
கொஞ்ச நேரம் எதையோ பழுது பார்த்தார்.

மூன்றாவது சுற்று.
எனக்கு முன்னால் பர்ட்டன் குனிந்தான்.
வழக்கத்தைவிட அதிக நேரம் குனிந்திருந்தான்.
நிமிர்ந்து இருமினான். பெட்டியை என்னிடம் தள்ளினான்.

குனிந்தேன்.
தட்டு முழுக்க வெள்ளை.
விரலால் ஒதுக்கிப் பார்த்தேன், அடியிலும் வெள்ளை.
எனக்கு முன் குனிந்த அத்தனை பேரும்
இதைப் பார்த்துவிட்டுத்தான்
முகட்டையும் தரையையும் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒன்பது வெள்ளை.
‘ஏகமனதாக’ என்று எழுதினேன்.
அந்த ஒரு சொல் மட்டும் சாய்ந்திருக்கிறது;
குளிரில் மை ஓடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படியிறங்கும்போது லியாண்டரின் கோட்டுப் பையில்
சோழி குலுக்குவதுபோல ஒரு சத்தம்,
பதினேழு படிக்கும்.
யாரும் திரும்பவில்லை.
பர்ட்டனுக்கு நான் ஒரு வார்த்தை பாக்கி.
இன்னும் பாக்கிதான்.

ஜூன் மாதச் சொத்துக் கணக்கு, என் கையெழுத்து:
நாற்காலி நாற்பது. வாளி ஒன்று.
வாக்குப்பெட்டி ஒன்று. வெள்ளைக் குண்டு இருபது.
கறுப்பு: இல்லை.
தேடப்படவில்லை.