நான்காம் அலகு

பூமத்திய ரேகைக்கு ஒன்றரை டிகிரிகூட விலகாத ஊரில்
பதினேழு வருடம் பனி செய்தேன்.
கேலி இல்லை, நியமனக் கடிதத்திலேயே இருக்கிறது:
குளிர்பதனத் தொழில்நுட்பர், மிருகக்காட்சி சாலை.

மற்றவர்களுக்கு அது பனிக்கரடி.
என் பணித்தாளில் நான்காம் அலகு.
ஒன்று, சீட்டு விற்கும் கூடம். இரண்டு, மருந்தறை.
மூன்று, மீன் வைக்கும் பெட்டி.
நான்கு, அது.
கம்ப்ரெசர் நின்றால் நள்ளிரவில் என் கைபேசிதான் அலறும்.
ஈசூனிலிருந்து டாக்சி பிடித்து ஓடுவேன்.
இருட்டில், கம்பிக்கு அப்பால், மூச்சு கேட்கும்.
வந்துவிட்டாயா என்று கேட்பதுபோல் எல்லாம் இல்லை.
வெறும் மூச்சு.
ஒரு மழைக்காலத்தில் அதன் ரோமத்தில் பாசி ஏறிப்
பச்சையாக நின்றது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அது போய் மூன்று வருடம்.
காலி இடத்தை என்ன செய்யலாம் என்று இன்று கூட்டம்.
திருமதி குவெக் திரையில் படங்களைத் தள்ளுகிறார்.
கோப்பிக் கடை: அது குதித்த பாறையில் உயர நாற்காலிகள்.
பிறந்தநாள் கூடம்.
நீர்நாய்களுக்கு வீடு.
“நீர்நாயா? கால்வாய்க்குக் கால்வாய் ஓசியில் பார்க்கலாமே”
என்றார் ரிட்ஸ்வான். சிரித்தோம்.
கல்யாணம் என்றது ஒரு குரல்.
வெள்ளையடித்த பனிச்சுவர் முன்னால் மணமக்கள்,
கோட்டுக்குள் வியர்வை.
“மிஸ்டர் சடகோபன், தரை தாங்குமா?”
தாங்கும் என்றேன்.
அரை டன் நடையைத் தாங்கியது.
தினமும். ஒரே வழியில்.

அந்த வழி வரைபடத்தில் கிடையாது.
குகை வாசலில் தொடங்கி, சுவரோரம் போய்,
எட்டு என்ற எண்ணைப்போல் திரும்பி வரும்.
பூச்சு தேய்ந்து உள்ளே சரளைக்கல் தெரிகிறது.
அளந்து பார்த்தேன்: ஆழம் நான்கு மில்லிமீட்டர்.
சிமெண்டைத் தேய்க்கப் பாதம் போதும் என்று
எந்தக் கையேட்டிலும் போடவில்லை.
“சமன் செய்ய வேண்டும்” என்று குறித்துக்கொண்டார் குவெக்.
நாற்காலி ஆடுமாம்.

புதன் மதியம் குழாய்களை எண்ணப் போனேன்.
குகைக் கதவு ஒரு செங்கல் முட்டுக்கொடுத்துத் திறந்திருந்தது.
உள்ளே பதினோரு பேர்.
பக்கத்தில் ஒட்டகச்சிவிங்கிக் கொட்டகை கட்டுகிறவர்கள்.
அட்டை விரித்து, தலைக்கவசத்தில் தலை வைத்து,
முகத்தில் துண்டு போட்டுத் தூக்கம்.
கழற்றிய பூட்ஸ்கள் வாசலில்,
அந்த எட்டின் வளைவிலேயே, வரிசையாக.
ஒருவன் மட்டும் விழித்திருந்தான். ஷொஹாக்,
பெயர் பிறகுதான் தெரியும்.
என் அடையாள அட்டையைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.
“பாஸ், இங்கே குளிர்” என்றான்,
திருடியதை ஒத்துக்கொள்கிறவன்போல.

குளிர்தான்.
பாதி சுவரின் கனம்.
மீதி, பூஞ்சை பிடிக்காமல் இருக்க நான் ஓடவிட்ட
ஒற்றை ஊதுவிசிறி. வெள்ளிக்கிழமை துண்டிக்க வேண்டியது.

கணக்குப் போட்டேன், வேறென்ன தெரியும் எனக்கு.
ஒரு கரடிக்கு நான்கு கம்ப்ரெசர்.
பதினோரு பேருக்கு ஒரு விசிறி.
இந்தப் படம் அந்தத் திரையில் வரவில்லை.
நானும் கை தூக்கிச் சொல்லப்போவதில்லை.
சொன்னால் பரிசீலிப்பார்கள்.
பரிசீலித்தால் பூட்டு வரும்.

வெள்ளிக்கிழமைப் படிவத்தில் எழுதினேன்:
நான்காம் அலகு. ஊதுவிசிறி.
துண்டிப்பு தாமதம், உதிரிபாகம் வர வேண்டும்.
துண்டிக்க எதற்கு உதிரிபாகம் என்று
இதுவரை யாரும் கேட்கவில்லை.

இன்னொரு வேலையும் செய்தேன், படிவத்தில் ஏறாதது.
அந்தக் கதவின் தாழ்ப்பாள்கள் மூன்றும் வெளிப்பக்கம்.
செங்கல்லை எடுத்துவிட்டு
உள்ளே ஒன்று வைத்தேன்.
சின்னதுதான்.
படுத்தபடியே கை எட்டும் உயரத்தில்.