இரண்டாம் கொட்டகை

முதல் கொட்டகைக்குப் பழைய மருந்து,
இரண்டாவதற்குக் கசப்பு.
கதவில் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போனார் கம்பெனி டிங்.
இங்கே ஆறாயிரம், அங்கே ஆறாயிரம்.
ஒரே நாளில் பொரிந்து
ஒரே லோரியில் வந்த குஞ்சுகள்.

கசப்பென்றால் நிலவேம்பு.
மலாய்க்காரர்கள் அதைப் பூமியின் பித்தம் என்பார்கள்.
ஆயர் தாவாருக்கு வெளியே
செம்பனை அடியில் தானாக முளைக்கும்.
களைக்கொல்லி அடிக்கும் சனிக்கிழமைகளில்
நான்தான் அதைக் கொல்கிறேன்,
நாளுக்கு நாற்பது வெள்ளிக்கு.
இப்போது அதன் சாறு
நீல ட்ரம்மில், ரசீதோடு வருகிறது.
லிட்டர் முப்பத்தெட்டு வெள்ளி.

முதல் வாரம் கோழிகள் முகம் சுளித்தன.
கோழிக்கு ஏது முகம் என்றார்
என் வீட்டுக்காரர் பச்சையப்பன்.
தண்ணீர் மீட்டரைக் காட்டினேன்.

பதினோராம் நாள்
எச்சம் நீர்த்தது.
இரவு முழுக்க மரத்தூளைக் கிளறினேன்.
விசிறிகள் ஓடின, கண் கரித்தது,
மூலையில் சில குஞ்சுகள்
இறகைத் தொங்கப்போட்டு நின்றன.
பழைய மருந்து பெட்டியில் பூட்டியிருக்கிறது.
சாவி என் இடுப்பில்.
ஒரு மூடி போதும்.
யார் பார்க்கப் போகிறார்கள்?

கை சாவிவரை போனது உண்மை.

போன வருடம் இவர் காலில்
செம்பனை முள் ஏறியது.
ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனையில்
மூன்று மருந்துக்கும் புண் மசியவில்லை.
கோப்பிலிருந்து தலை தூக்காமல்
"வீட்டில் என்ன வேலை?" என்றார் டாக்டர் ரொஹைசா.
"கோழி" என்றேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை, எழுதினார்.
என்ன எழுதினார் என்று
இன்றுவரை தெரியாது.
இரண்டு விரல் போயிற்று.

பெட்டியைத் திறக்கவில்லை.
நல்லவள் என்பதால் அல்ல.
பூட்டு துருப்பிடித்திருந்தது,
கை நடுங்கியது,
அதற்குள் விடிந்துவிட்டது.

முப்பத்தைந்தாம் நாள் எடை போட்டார்கள்.
செத்தவை, முதலாவதில் இருநூற்று நான்கு.
இரண்டாவதில் இருநூற்று நாற்பத்தொன்று.
கோழிக்கு முப்பது கிராம் குறைவு வேறு.
தோற்றது என்று வாயெடுத்த டிங்
மருந்துச் செலவைக் கழித்தார், எதையோ கூட்டினார்,
மறுபடி கழித்தார்.
கடைசியில் வந்த எண்ணைக்
கால்குலேட்டரோடு பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அடுத்த சுற்றும் இதில் கசப்பே போடு."
"முதலாவதில்?"
லோரி கிளம்பிய சத்தத்தில்
அவருக்குக் கேட்கவில்லை போலும்.

இன்று சனிக்கிழமை.
முதுகில் பதினாறு லிட்டர் தொட்டி.
ஒன்பதாம் வரிசையில் அது
முழங்கால் உயரம் நிற்கிறது,
சின்னதாய் வெள்ளைப் பூ.
குழாயை மூடிக்கொண்டு நடந்தேன்.
மண்டோர் கேட்டால்
அடைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம்.