ஓர் உண்ணி, ஏழு முறை

ஜனவரியில் கொச்சாமோவில்
யாரும் கறுப்புச் சட்டை போடுவதில்லை.
மாட்டு ஈக்குக் கறுப்பென்றால் உயிர்.
நான் போட்டுக்கொண்டு
ஆற்றங்கரைக் கல்லில் உட்கார்ந்தேன்,
இடக்கையை முழங்கைவரை திறந்து வைத்து.
படகைக் கட்டிக்கொண்டிருந்த ஒஸ்மான்
ஒருமுறை பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாவதாக வந்தது நல்ல ஈ.
செம்பட்டை மயிர், கிழியாத சிறகு.
குடிக்கட்டும் என்று விட்டேன்.
வயிறு புடைத்ததும் குப்பியைக் கவிழ்த்தேன்.

குளிர்பெட்டியில்
வெண்ணெய்க்கும் பாதி எலுமிச்சைக்கும் நடுவே
எட்டு நிமிடம்.
எடுத்து வைத்தால் தொண்ணூறு நொடி அசையாது.
அதற்குள் விளக்கு, தூரம், என் மூச்சு
எல்லாம் ஒரு வழிக்கு வர வேண்டும்.
இரண்டாம் ஜோடிச் சிறகு இருக்க வேண்டிய இடத்தில்
குண்டூசித் தலைபோல் இரண்டு குமிழ்.
பாடத்துக்கு வேண்டியது அதுதான்.
பிறகு முன்கால்களைத் தேய்க்கும்,
கடன் கேட்க வந்தவன் மாதிரி.
முகம் துடைக்கும். போய்விடும்.

படத்தில் வயிற்றோரம் தெரியும் சிவப்பு
என்னுடையது.
பதினொரு பள்ளிச் சுவர்களில் தொங்கப் போகிறது.
குறிப்பில் அதை எழுதவில்லை.

செத்த வண்டு சுலபம் என்று நினைத்திருந்தேன்.

ரொட்டி சுற்றிய தாளில் எர்சிரா கொண்டுவந்தாள்.
பறக்கும் மான் என்பார்கள் இங்கே:
உடம்பைவிட நீளக் கொம்பு,
பச்சையும் செம்பும் மாறிமாறி மின்னும் முதுகு,
வலப்பக்க நடுக்கால் மட்டும் இல்லை.
பள்ளி விளக்குக் கம்பத்தடியில் கிடந்ததாம்.
"பூச்சிக்குக் கால் ஆறு என்று நடத்துகிறேன்,
இது ஐந்தோடு வந்து நிற்கிறது" என்றாள்.

இவ்வளவு அருகே போனால்
தெளிவு ஒரு காகிதத் தடிமன்தான்.
கொம்பு நுனி தெளிந்தால் கண் கலங்கும்,
கண் தெளிந்தால் கொம்பு பனிக்குள் போகும்.
ஆகவே திருகை மயிரிழை மயிரிழையாய் நகர்த்தி
அறுபத்து நான்கு படம்;
ஒவ்வொன்றிலும் தெளிந்த கீற்றைப் பொறுக்கி
கணினி ஒன்றாய்த் தைக்கும்.
தகரக் கூரையில் மழை.
மின்சாரம் இருமுறை போய் வந்தது.
தையல் முடிந்தபோது மணி இரண்டு.

முதுகின் விளிம்பில்
ஏழு உண்ணிகள், வரிசையாய்.
ஒரே பருமன், ஒரே நிறம்,
முன்காலில் ஒட்டியிருந்த தூசிகூட ஒன்றே.

படங்களைத் திரும்பப் புரட்டினேன்.
இருபதாவதில் எதுவுமில்லை.
இருபத்திரண்டில் தோளருகே ஒன்று.
இருபத்தைந்திலும் ஒன்றுதான், கொஞ்சம் தள்ளி.
தெளிவு நகர்ந்த வேகத்திலேயே
அதுவும் நடந்திருக்கிறது.
வண்டு காய்ந்துகொண்டிருந்தது,
உண்ணி வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தது.
நான் கவனித்துக்கொண்டிருந்ததோ திருகை.

புவெர்த்தோ மோன்ட்டிலிருந்து
அச்சுக்குப் பொறுப்பான கிளோதாரியோ எழுதினார்:
ஆறு உண்ணிகளை அழித்துவிடவும்.
இடப்பக்கக் காலைப் படியெடுத்து
வலப்பக்கம் ஒட்டிவிடவும்.

அழிக்க அரை மணி போதும்.
எந்த ஆறை?
ஒவ்வொன்றும் அங்கே நின்றதுதான்.
ஏழும் சேர்ந்து நின்றதில்லை, அவ்வளவே.
வண்டு மட்டும் என்ன,
கொம்பிலிருந்து கடைசிவரை இத்தனை தெளிவாய்
எந்தக் கண்ணுக்கு எந்தக் கணத்தில் இருந்தது?
அதை யாரும் அழிக்கச் சொல்லவில்லை.

படகுத்துறையில் மாவு மூட்டைக்குக் காத்திருந்த எர்சிரா
திரையைப் பெரிதாக்கி, உதடசைய எண்ணினாள்.
"கால் எட்டு. பூச்சியே இல்லை இது" என்றாள்.
பிறகு:
"அப்படியே இருக்கட்டும்.
எத்தனை உண்ணி என்று கேட்பேன்.
ஏழு என்பார்கள்.
இன்னொருமுறை கேட்பேன்.
காலையும் ஒட்டாதே.
ஆறாவது எங்கே இருந்தது என்று
அவர்களே குழியைத் தொட்டுக் காட்டட்டும்."
மூட்டை வந்துவிட்டது, போனாள்.

படத்தின் அடியில் வழக்கமான கோடு போட்டேன்:
ஐந்து மில்லிமீட்டர்.
அதன் கீழே, பழக்கமில்லாத இன்னொன்று,
முதல் உண்ணியிலிருந்து ஏழாவது வரை:
பதின்மூன்று நிமிடம்.

கிளோதாரியோ இன்னும் பதில் எழுதவில்லை.
ஈ கடித்த இடம் அரிக்கிறது.