பாக்கி

ஓஷெலாகாவில், ஒன்டாரியோ தெரு முனையில் என் கடை.
ரொட்டி, பால், லாட்டரிச் சீட்டு, சிகரெட்.
வாசலுக்கு வந்து நிமிர்ந்தால்
கூரைகளுக்கு மேலே விளையாட்டரங்கக் கோபுரத்தின்
சாய்ந்த கழுத்து.

எழுபத்தைந்தின் குளிரில்
அந்தக் கழுத்து இல்லை, வெறும் முண்டம்.
கம்பி கட்டும் ரோசேர் வயாங்கூர்
விடிகாலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டுவார்.
"ரெண்டு பெட்டி. எழுதிக்கோ."
வேலைநிறுத்தம், பிறகு இரட்டைக் கூலி,
பிறகு ராத்திரியும் வேலை.
கான்கிரீட் உறைந்துவிடாமல்
நீராவி விட்டுக் காத்தார்களாம்,
பிரசவ அறை மாதிரி.
ஆணுக்குப் பிள்ளை பிறந்தாலும் பிறக்கும்,
இந்த விழாவில் நட்டம் பிறக்காது என்று
மான்ட்ரியல் முழுக்க ஒரு பேச்சு இருந்தது.

மார்ச்சில் ஒரு நாள் மூன்று பெட்டி கேட்டார்.
அமில்கார் விழுந்துவிட்டான் என்றார்.
அசோரஸ் தீவுக்காரன்,
என்னிடம் மத்தி மீன் டின் வாங்குகிறவன்.
அவன் பக்கத்தில் நாலு டாலர் இருபது நின்றது.
நான் அடிக்கவில்லை.
யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

ஜூலையில் உலகம் வந்தது.
பச்சைச் சட்டை ஓட்டக்காரன் ஒருவன்
பல் துலக்கும் பிரஷ் வாங்கிப் போனான்.
மறுநாள் பிரிக்காமல் கொண்டுவந்து வைத்தான்.
"ஊருக்குப் போகிறோம். எல்லாரும்."
அவன் ஆங்கிலமும் என் பிரெஞ்சும்
பாதி வழியில் நின்றுவிட்டன;
தென்னாப்பிரிக்கா என்ற சொல் மட்டும் வந்து சேர்ந்தது.
காசைக் கொடுத்தேன், பிரஷையும் கொடுத்தேன்.
பேசி முடிக்கும்வரை
அவன் குதிகால் தரையில் படவே இல்லை.

ஒரு சின்னப் பெண் பத்துக்குப் பத்து வாங்கினாள்.
பலகையில் பத்து எழுத இடமில்லை,
ஒன்று என்று காட்டியது.
பிறகு கணக்கு வந்தது.
பத்து இலக்கம்.
அதற்கு இடம் இருந்தது.

ஒரு நாள் மழை கொட்டி
கிரேக்கத்திலிருந்து வந்த சுடர் அணைந்துபோயிற்று.
யாரோ ஓர் ஊழியர் பையிலிருந்து
சிகரெட் லைட்டரை எடுத்துப் பற்றவைத்தாராம்.
பதறிப்போய் அதை அணைத்து,
பத்திரமாய் வைத்திருந்த மூல நெருப்பால்
மறுபடி ஏற்றினார்கள்.
ரோசேர் மேசையைக் குத்திக் குத்திச் சிரித்தார்.
அந்த அரங்கத்தை வைத்து
அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அரசாங்கம் புகையிலைக்கு வரி போட்டது.
முப்பது வருஷம் ஊதி ஊதியே அடைத்தோம்.
கோபுரம் பதினோரு வருஷம் தாமதமாக வளர்ந்தது.
கூரை கிழிந்தது, மாற்றினார்கள்,
பனி விழுந்து மறுபடி கிழிந்தது.
என் புருஷன் போனான். கல்லாப்பெட்டி போய்க் கணினி வந்தது.
ரோசேர் பேரன்களை பேஸ்பால் பார்க்க உள்ளே அனுப்பிவிட்டு
பஸ் நிறுத்தத்தில் புகைத்தபடி நிற்பார்.
"உள்ளே போனால்தான் என்ன, உங்கள் காசு."
"ஒரு தூண் என் கை பட்டது," என்பார்.
"எதுன்னு தெரியும்.
பக்கத்துத் தூணும் தெரியும்."

இரண்டாயிரத்து ஆறில்
மதுக்கடைக்குள் புகைக்கத் தடை வந்தது.
விற்பனை சரிந்தது.
கடன் தீரும் தேதி தள்ளிப் போகிறதென்று
வானொலி கவலைப்பட்டது.
"டாக்டர் விடு என்கிறான்,
நாடு கட்டு என்கிறது," என்று இருமினார்.
வயது எழுபத்திரண்டு.

நவம்பரில் தீர்ந்தது.
மறுநாள் வந்தார். ஒரு பெட்டி.
விலையைப் பார்த்தார்.
"குறையலையா?"
"குறையலை."
கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.
"அந்தப் பழைய நோட்டு இருக்கா?"
இல்லை, எண்பத்தொன்பதில் நிலவறையில் தண்ணீர் ஏறி
எல்லாம் ஊறிப் போயிற்று.
தொகை மட்டும் எனக்கு மனப்பாடம்.
"நாலு இருபது," என்றேன்.
எதற்கென்று அவர் கேட்கவில்லை.
சில்லறையாக எண்ணி வைத்தார்.
"வரி?"

மத்தி மீனுக்கு வரி கிடையாது என்றேன்.