நூற்றுப் பதினான்காம் குடும்பம்

வறுமையை அளத்தல், ஆறு கிரெடிட்,
செவ்வாய் காலை ஒன்பதே கால்.
ஹேக் நகரத்து மழை
சன்னலுக்கு வெளியே பக்கவாட்டில் பெய்கிறது.
ஹீட்டரின் மேல் எவாரிஸ்டோவின் காலுறை காய்கிறது.
பெருவிலிருந்து வந்தவன்,
எதற்கும் கூச்சப்படாதவன்.

பேராசிரியை ஹில்லகொண்டா
திரையில் ஒரு பட்டியலை விரிக்கிறார்:
மலாவி, சில்வா ஏரிக்கரை,
இருநூற்று அறுபது குடும்பங்கள்.
பெயர்களை நீக்கிவிட்டோம், அதுதான் அறம் என்கிறார்.
தலையாட்டிக் குறித்துக்கொள்கிறோம்.

நான் மலாவிக்காரி என்பது வகுப்புக்குத் தெரியும்.
எந்தக் கரை என்று யாரும் கேட்டதில்லை,
நானும் சொன்னதில்லை.

வரிசை 114.
குடும்பத் தலைவர்: பெண்.
பிள்ளைகள் ஐந்து. ஆடு இரண்டு. கூரை, புல்.
வானொலி பூஜ்ஜியம். மிதிவண்டி பூஜ்ஜியம்.
'மற்றவை' என்ற கட்டத்தில் மட்டும்
யாரோ மெனக்கெட்டுத் தட்டியிருக்கிறான்:
ஊசி இல்லாத தையல் மெஷின், ஒன்று.

அந்த மெஷின் பலகையில்தான்
ஏழாம் வாய்ப்பாட்டைக் கரியால் எழுதி
அடி வாங்கினேன்.

அவன் வந்த நாள் நினைவிருக்கிறது.
கழுத்தில் அட்டை, காலில் நகரத்து ஷூ,
முப்பத்தொரு பக்கக் கேள்வித்தாள்.
உரம் இலவசம் என்று ஊருக்குள் பேச்சு,
வசதி உள்ளவளுக்குக் கிடைக்காது என்பது
பேச்சின் வால்.
அம்மா எங்களைப் பார்த்த ஒரு பார்வையில்
நானும் லிம்பானியும் சைக்கிளைத் தள்ளிப்போய்
சோளத்தட்டைக்குள் படுக்க வைத்தோம்.
படுக்கும்போது அதன் மணி
ஒருமுறை கிணுங்கியது.
அவன் எழுதுவதை நிறுத்தினான்.
அம்மா இருமினாள்.

மிதிவண்டி இருக்கிறதா?
எங்களுக்கா, என்று சிரித்தாள் எனெலெசி,
அன்று காலைதான் அதில் மீன்கூடை ஏற்றி
பதினெட்டு கிலோமீட்டர் மிதித்துத் திரும்பியிருந்தவள்.

உரம் வரவில்லை.
பூஜ்ஜியம் மட்டும் கிளம்பி
கடல் தாண்டி வந்து சேர்ந்திருக்கிறது,
விசா வரிசையில் நிற்காமல்,
வங்கிக் கணக்கைக் காட்டாமல்.

திரையில் அதன் தலைக்கு மேல்
ஒரு சிவப்புக்கோடு ஓடுகிறது.
கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளியாக நாங்கள் ஆறு பேர்.
"தியஞ்சானே, உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?"
"சாம்பிள் கொஞ்சம் சிறியது" என்றேன்.
அருமை என்றார்.

இந்த ஊரில் ஆளுக்கு இரண்டு சைக்கிள் இருக்கும் போல.
பாலத்துக் கம்பியில் பூட்டிய நிலையிலேயே
துருவேறிச் சாய்ந்து கிடக்கின்றன.
எண்பது யூரோவுக்கு வாங்கிய என்னுடையதில்
மணி இல்லை.
அதை உருட்டியபடி அம்மாவுக்குப் போன் செய்தேன்.
எல்லாம் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை.
"கண்டுபிடித்துவிட்டார்களா?
திருப்பிக் கேட்பார்களா?"
"எதை அம்மா?"
"தராத உரத்தை."
டிராமுக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி
சிரித்தேன். பிறகு
மூக்கைச் சிந்த வேண்டியிருந்தது.

ஆய்வேட்டுக்காக ஜூலையில்
சாம்பியா, சிபாட்டாவுக்கு வடக்கே.
இப்போது அட்டை என் கழுத்தில்.
காகிதம் போய் டேப்லெட் வந்திருக்கிறது.
கேள்விகள் அநேகமாக அவையேதான்,
இரண்டை நானே சேர்த்தேன்.

எஸ்னாட் எனக்கு ஸ்டூல் போட்டுவிட்டு
தான் தரையில் உட்கார்ந்தாள்.
வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.
ஆடு? ஒன்று. வானொலி? ரிப்பேர்.
மிதிவண்டி?
"இல்லை, மேடம்."

பெருக்கிய முற்றத்துப் புழுதியில்
டயர்த்தடம் ஒன்று
பாம்பு போன வழியாய்
வீட்டுக்குப் பின்னால் வளைகிறது.
அவளும் அதைப் பார்த்தாள்.
நான் பார்ப்பதையும் பார்த்தாள்.

எண் தராமல் அடுத்த கேள்விக்கு
நகர மாட்டேன் என்கிறது டேப்லெட்.
ஆறு வயதுப் பையன் ஒருவன்
எங்கோ வேடிக்கை பார்ப்பவன்போல் நடந்து
குதிகாலால் தடத்தைத் தேய்த்துக்கொண்டே போகிறான்.

திரை வெயிலில் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி
துப்பட்டா நுனியால் துடைக்கத் தொடங்கினேன்,
மெதுவாக,
அவன் மூலை திரும்பும் வரை.